ஆலங்கட்டி மழையில் கூரை உடைந்தால்: சேலம், ஏற்காடு வீட்டுக்காரர்கள் கேட்கும் இன்சூரன்ஸ் கேள்விகள்

மார்ச் கடைசியிலிருந்து மே வரை சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் பிற்பகலில் இடிமழை வரும். சில நாள் அதோடு ஆலங்கட்டியும் விழும். கால் மணி நேரம்கூட நீடிக்காது. ஆனால் ஓட்டு வீட்டுக்கும் ஷீட் போட்ட வீட்டுக்கும் அது போதும். அப்புறம் அக்கம்பக்கத்தில், சொந்தக்காரர்களிடத்தில் ஒரே பேச்சு: "இதுக்கு இன்சூரன்ஸ்ல ஏதாவது கிடைக்குமா?" பாலிசி இருந்தால் கிடைக்கும். அது கைக்கு வருவதும் நழுவிப் போவதும் முதல் இரண்டு நாளில் நீங்கள் எதைப் பதிவு செய்து வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய பழுதையும் புதிய சேதத்தையும் நீங்களே பிரித்துக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

என் வீட்டு பாலிசியில் 'ஆலங்கட்டி' என்ற சொல்லே இல்லை. அப்படியானால் பணம் கிடைக்காதா?

கிடைக்கும். இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைக் கட்டாயம் விற்க வேண்டும் என்று காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. அதில் தீ, மின்னல், நிலநடுக்கம், நிலச்சரிவு எல்லாம் தனித்தனியாக இருக்கும். ஆலங்கட்டி என்று தனித் தலைப்பு இல்லை. ஆனால் புயல், சூறைக்காற்று, வெள்ளம் எல்லாம் சேர்ந்த ஒரு தலைப்பு உண்டு. வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து மோதுவதால் ஏற்படும் சேதம் என்று இன்னொரு தலைப்பும் உண்டு. இடிமழையோடு காற்றில் வந்து விழுந்த ஆலங்கட்டி இந்த இரண்டுக்குள்ளும் அடங்கும். அதனால் கடிதம் எழுதும்போது "ஆலங்கட்டி விழுந்தது" என்று மட்டும் எழுதாதீர்கள். "இன்ன தேதி, இன்ன நேரம், பலத்த காற்றும் இடியும் சேர்ந்த மழையில் ஆலங்கட்டி விழுந்து கூரை உடைந்தது" என்று முழுதாக எழுதுங்கள்.

உங்களுடையது பழைய பாலிசியா, வேறு பெயரில் நிறுவனமே தயாரித்ததா என்று பாருங்கள். அதில் வார்த்தைகள் மாறும். எதை ஏற்பார்கள் என்ற பக்கத்தையும் எதை ஏற்கமாட்டார்கள் என்ற பக்கத்தையும் ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள்.

எனக்கு பாலிசி இருக்கிறதா என்றே தெரியவில்லை. எங்கே தேடுவது?

வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் முதலில் வங்கிக் கோப்பில் தேடுங்கள். கடன் கொடுக்கும்போதே கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்து, பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிடுவது சாதாரணமாக நடப்பதுதான். வீட்டுக்காரருக்கு அது நினைவிலேயே இருக்காது. கிளைக்குப் போய் பாலிசி நகல் கேளுங்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அதில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அது உயிர்க் காப்பீடா, கட்டடக் காப்பீடா? கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கிற பாலிசியைக் கையில் வைத்துக்கொண்டு கூரைக்குக் கேட்க முடியாது. இரண்டு, வங்கியின் பெயர் அதில் சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் பணம் முதலில் வங்கிக்குத்தான் போகும். கூரை வேலைக்காகத்தான் கேட்கிறோம் என்று முன்னாலேயே கிளை மேலாளரிடம் எழுத்தில் சொல்லி, உங்கள் கணக்கில் போட ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இதை விட்டுவிட்டால் க்ளெய்ம், அதாவது இழப்பீடு கேட்கும் வேலை, முடிந்த பிறகு வங்கிக்கும் கம்பெனிக்கும் நடுவே நடையாய் நடக்க வேண்டிவரும்.

மழை விட்டதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

மின்சாரம். தண்ணீர் ஒழுகும் இடத்தில் ஃபேன், லைட், சுவிட்ச் போர்டு இருந்தால் மெயினை அணைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அடுத்தது போட்டோ. ஆலங்கட்டி கரைவதற்குள் எடுங்கள். அதன் அளவு தெரிய பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம் வையுங்கள். அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். நாணயத்தைவிடப் பெரிதா சிறிதா என்பது படத்திலேயே தெரிந்துவிடும். நாலைந்து கட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும் நாளில் வெயில் கொளுத்தும், ஃப்ரீசரிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால் "இங்கே ஆலங்கட்டி விழுந்ததா?" என்ற கேள்வியே எழாது.

பிறகு வாசலிலிருந்து தொடங்கி ஒரே வீடியோவாக வீட்டைச் சுற்றி வாருங்கள். கதவு எண், தெரு, முற்றத்தில் கிடக்கும் கட்டிகள், கூரை, உள்ளே ஒழுகும் இடம் என்று இடையில் நிறுத்தாமல் எடுங்கள். வெட்டி ஒட்டாத ஒரே வீடியோவுக்கு மதிப்பு அதிகம். செல்போனில் தேதியும் இடமும் தானாகப் பதிவாகும்படி வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தத் தகவல் போய்விடும், அதனால் அசல் படத்தை அழித்துவிடாதீர்கள்.

அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, க்ளெய்ம் எண் வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

நானே கூரை மேல் ஏறிப் பார்க்கலாமா?

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் ஏறவே ஏறாதீர்கள். ஆலங்கட்டி பட்ட ஷீட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். கால் வைத்ததும் உடைந்து கீழே விழுந்து உயிர் போன செய்திகளைப் பேப்பரில் பார்க்காதவர்கள் இல்லை. ஓட்டுக் கூரையிலும் ஈரம் காயும்வரை ஏற வேண்டாம்; பாசி பிடித்த ஓடு வழுக்கும். பக்கத்து மாடியிலிருந்து படம் எடுங்கள், அல்லது செல்ஃபி குச்சியில் போனைக் கட்டி ஏணியில் பாதி உயரத்திலிருந்து எடுங்கள். உள்ளேயிருந்து மேலே பார்ப்பது அதைவிட நல்லது. பகலில் விளக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள், வெளிச்சம் எங்கெல்லாம் ஊசியாய் இறங்குகிறதோ அங்கெல்லாம் உடைப்பு.

ஓட்டு வீடு. எது ஆலங்கட்டி உடைத்தது, எது பழைய உடைப்பு என்று எப்படிச் சொல்வது? ஏற்காட்டில் குரங்கும் உடைக்கிறதே?

க்ளெய்மின் உயிரே இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உடைந்த ஓட்டின் விளிம்பைப் பாருங்கள். புதிதாக உடைந்தது உள்ளே நல்ல செங்காவி நிறத்தில், சுத்தமாக, தொட்டால் மாவு மாதிரி ஒட்டும். பழைய உடைப்பில் விளிம்பு கறுத்திருக்கும், பாசியோ தூசியோ படிந்திருக்கும், முனை மழுங்கியிருக்கும். சிலந்திக்கூடு இருந்தால் அது போன வருஷத்து உடைப்பு என்று அந்தச் சிலந்தியே சொல்லிவிடும். அதையும் சேர்த்துக் கணக்கில் காட்டாதீர்கள். பத்து பழைய ஓட்டைப் புதிதென்று காட்டினால், உண்மையாகவே உடைந்த நூறு ஓட்டின் மேலும் சந்தேகம் விழும்.

அடுத்து, உடைப்பு எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பாருங்கள். ஆலங்கட்டி காற்றோடு சாய்ந்து வரும். அதனால் காற்று வந்த பக்கத்துச் சரிவில் உடைப்பு அதிகமாக இருக்கும், மறுபக்கம் குறைவாக இருக்கும். அந்தச் சரிவுக்குள் ஒரு ஒழுங்கும் இல்லாமல் இங்கொன்று அங்கொன்றாகப் பரவியிருக்கும். குரங்கு உடைத்தால் அப்படி இராது. மரக்கிளை கூரையைத் தொடும் பக்கத்திலிருந்து முகடு வரை அது ஓடும் பாதையில் வரிசையாக உடையும். ஓடு உடைவதைவிட நகர்ந்து, புரண்டு கிடப்பது அதிகமாக இருக்கும். சில்வர் ஓக் கிளை ஒடிந்து விழுந்தால் ஒரே இடத்தில் குவியலாக உடையும், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டைகூட முறியும். கிளை விழுந்ததும் பாலிசியில் வரும், ஆனால் அதைத் தனியாக எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள்.

எண்ணிக்கைக்கு ஒரு நல்ல வழி உண்டு. ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி ஒரு சதுரம் குறித்துக்கொண்டு, அதற்குள் உடைந்ததை மட்டும் எண்ணுங்கள். கூரைச் சேதத்தை மதிப்பிடுகிறவர்கள் அமெரிக்கா போன்ற நாடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள், நமக்கும் பொருந்தும். அந்தச் சதுரத்துக்குள் சீமை ஓடு ஏறக்குறைய 140 இருக்கும். அதில் எத்தனை உடைந்தது என்று சரிவுக்குச் சரிவு எழுதி வைத்துக்கொண்டால், "கூரை பூரா போச்சுங்க" என்று சொல்வதைவிட அது பலமாக நிற்கும்.

கூரைக்கு வெளியேயும் சாட்சி கிடைக்கும். வாழையிலை கந்தலாகியிருக்கும். காபிச் செடியில் இலை கிழிந்து, பிஞ்சு உதிர்ந்து கிடக்கும். கேட்டில் பெயின்ட் பொட்டுப் பொட்டாக உரிந்திருக்கும். ஏ.சி.யின் வெளி யூனிட்டில் உள்ள மெல்லிய அலுமினியத் தகடு நசுங்கியிருக்கும். வாளி, தகர மூடி, பைக் டேங்க் எல்லாவற்றையும் படம் எடுங்கள். குரங்கு கேட் பெயின்டில் பொட்டு வைக்காது. அதனால் சர்வேயருக்கு இந்தப் படங்கள் நிறைய பேசும்.

உடைந்த ஓட்டை எறியாதீர்கள். சரிவு வாரியாகச் சாக்கில் கட்டி வையுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

ஆலங்கட்டி பட்ட இடம் வட்டமாகத் துளைத்திருக்கும், அல்லது ஒரு புள்ளியிலிருந்து நாலு பக்கமும் விரிசல் ஓடியிருக்கும். மேலே ஒன்றும் தெரியாமல் அடிப்பக்கத்தில் மட்டும் கீறல் இருப்பதும் உண்டு. அதனால் உள்ளேயிருந்து பார்த்து, கீறல் மேல் சாக்பீஸால் கோடு போட்டுப் படம் எடுங்கள். ஆணி, போல்ட் போட்ட ஓட்டையைச் சுற்றி ஒழுகுவது வாஷர் தேய்ந்ததால் வருவது. அது ஆலங்கட்டிக் கணக்கில் வராது.

"ஷீட் போட்டு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு, தானாவே நொறுங்கியிருக்கும்" என்று சொன்னால் தயங்காமல் பதில் சொல்லுங்கள். தேய்மானத்தால் மட்டும் ஏற்படும் பழுதைத்தான் பாலிசி விலக்குகிறது. பழைய ஷீட்டாக இருந்தாலும் அன்றைய ஆலங்கட்டிதான் அதை உடைத்தது என்றால், உடைத்தது ஆலங்கட்டிதான்.

உடைந்த துண்டை அப்புறப்படுத்தும்போது தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள், மாஸ்க் போடுங்கள், காய்ந்த ஷீட்டை ரம்பத்தால் அறுக்க விடாதீர்கள். அந்தத் தூசியில் இருக்கும் கல்நார் இழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். தெருப் பிள்ளைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலர் ஷீட் போட்டிருக்கிறேன். ஓட்டை இல்லை, குழி மட்டும் விழுந்திருக்கிறது. கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் முழு ஷீட்டையும் மாற்றித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். குழி விழுந்ததும் சேதம்தான். என்றாலும் ஒழுகவில்லை என்றால் சர்வேயர் தயங்குவார். அமெரிக்காவில் சில பாலிசிகளில் தோற்றத்தை மட்டும் கெடுக்கும் சேதத்துக்குப் பணம் இல்லை என்றே எழுதியிருப்பார்கள். உங்கள் பாலிசியில் அப்படி ஒரு வரி உண்டா என்று பாருங்கள். குழியின் நடுவே பூச்சு உரிந்து தகடு தெரிகிறதா, இரண்டு ஷீட் சேரும் இடம் பிளந்துவிட்டதா, ஸ்குரு தளர்ந்ததா என்று தேடுங்கள். பூச்சு போன இடத்தில் அடுத்த மழைக்காலத்துக்குள் துரு ஏறும். அதைச் சொல்லிக் கேட்பது நியாயம். சாயங்காலம் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் நேர் வெயிலில் தெரியாத குழியெல்லாம் நிழலாகத் தெரியும். அதுதான் படம் எடுக்க ஏற்ற நேரம்.

எங்களுடையது மாடி வீடு. ஆலங்கட்டி மழையன்று தளம் ஒழுகியது. இதற்கு?

கான்கிரீட் தளத்தை நம் ஊர் ஆலங்கட்டி உடைக்காது. பெரும்பாலும் நடப்பது வேறு. கட்டியும் இலையும் சேர்ந்து மாடியின் தண்ணீர்க் குழாயை அடைத்து, தண்ணீர் தேங்கி, ஏற்கனவே இருந்த விரிசல் வழியாக இறங்குகிறது. தளத்து விரிசலுக்கு இன்சூரன்ஸ் கேட்டால் மறுக்கத்தான் செய்வார்கள், அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தளத்தின் மேல் பதித்த தட்டை ஓடு உடைந்திருந்தாலோ, படிக்கட்டின் மேல் போட்ட ஷீட், கண்ணாடி உடைந்து தண்ணீர் இறங்கியிருந்தாலோ அதைக் கேளுங்கள்.

சோலார் பேனல், தண்ணீர் டேங்க் எல்லாம் கூரைக் கணக்கில் வருமா?

பாரத் கிருஹ ரக்ஷாவில் சோலார் பேனல், நிலையாகப் பொருத்திய தண்ணீர்த் தொட்டி, போர்டிகோ, சுற்றுச்சுவர் எல்லாம் வீட்டுக் கட்டடத்தின் பகுதி. மின்சாரம் தரும் சோலார் பேனல்களை 25 மில்லிமீட்டர் பனி உருண்டையை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமாக, அடித்துச் சோதித்துத்தான் சர்வதேசத் தரச்சான்று தருகிறார்கள். அதனால் சிறிய ஆலங்கட்டிக்குக் கண்ணாடி தாங்கும். ஆனால் கண்ணாடி முழுதாக இருந்தாலும் உள்ளே மின்சாரம் தயாரிக்கும் சோலார் செல் கீறியிருக்கலாம். மின் உற்பத்தி குறைந்ததா என்று இன்வெர்ட்டர் பதிவில் பார்த்து, பொருத்திய கம்பெனியிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். வெந்நீர் சோலாரின் கண்ணாடிக் குழாய் அவ்வளவு தாங்காது, எளிதில் உடையும்.

சர்வேயர் வருவதற்குள் ரிப்பேர் செய்யலாமா? அதுவரை நனைந்துகொண்டே இருப்பதா?

நனைய வேண்டாம். நனையவும் கூடாது. சேதம் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை. தார்ப்பாய் போட்டு மூடுங்கள், ஒழுகும் இடத்தில் நாலு ஓடு மாற்றிச் சொருகுங்கள், கட்டிலையும் பீரோவையும் நகர்த்துங்கள். ஒரே நிபந்தனை: கை வைப்பதற்கு முன் படம், கை வைத்த பின் படம். தார்ப்பாய், கயிறு, கூலி எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குங்கள். கடையில் ரசீது தராவிட்டால் வெள்ளைத் தாளிலாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூரையை முழுசாகப் பிரித்து மேய்கிற வேலையை மட்டும் சர்வேயர் பார்க்கும்வரை தொடாதீர்கள்.

சர்வேயர் யார்? எத்தனை நாளில் வருவார்?

இன்சூரன்ஸ் கம்பெனி நியமித்தாலும் அவர் கம்பெனியின் ஊழியர் அல்ல. ஐஆர்டிஏஐ உரிமம் பெற்ற தனி மதிப்பீட்டாளர். 2024 ஜூனில் ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளுக்குள் அவர் அறிக்கை வர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாளுக்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். ஏதோ ஒரு தாள் இல்லை என்பதற்காக மட்டும் க்ளெய்மைத் தள்ளிவிடவும் கூடாது. இந்த நாள்கணக்கைக் குறித்து வைத்துக்கொண்டு, தாண்டினால் மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்பதற்குச் சாட்சி இல்லை.

அவர் வரும்போது ஓடு மேய்கிறவரோ கொத்தனாரோ ஒருவர் கூட இருக்கட்டும். சர்வேயர் எல்லாச் சரிவையும் பார்த்தாரா, உள்ளே வந்து பார்த்தாரா என்று கவனியுங்கள். சாக்கில் கட்டிய ஓட்டைக் காட்டுங்கள். நீங்கள் எண்ணிய தாளின் நகலைக் கொடுத்து, வாங்கிக்கொண்டார் என்று கையெழுத்து வாங்குங்கள். அவருடைய அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

வாக்குவாதம் வேண்டாம். அவர் சொல்லும் தொகையில் உடன்பாடு இல்லை என்றால் அந்த இடத்திலேயே ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடாமல், படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

எஸ்டிமேட் எப்படி வாங்குவது? மலை மேல் செலவு அதிகமாக வருகிறதே?

மொத்தமாக 'கூரை வேலை, இவ்வளவு ரூபாய்' என்று ஒரு வரியில் எழுதிய எஸ்டிமேட்டை யாரும் மதிப்பதில்லை. ஓடு எத்தனை, முகட்டு ஓடு எத்தனை, ரீப்பர் எத்தனை அடி, ஷீட் எத்தனை, எந்த அளவு, கூலி எத்தனை ஆளுக்கு எத்தனை நாள், சாரம் கட்ட எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு பேரிடம் வாங்குவது நல்லது.

ஏற்காட்டுக்காரர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது ஏற்றுக்கூலி. சரக்கு சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் வர வேண்டும். அதற்குமேல் மஞ்சக்குட்டை, நாகலூர் பக்கம் தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்குச் சின்ன வண்டிக்கு மாற்ற வேண்டும். கீழே ஒரு ஓட்டின் விலை என்ன, மேலே கூரை மேல் போய் உட்காரும்போது விலை என்ன என்று தனித்தனியாகக் காட்டுங்கள். ஏறும் வழியில் உடைவதற்கும் கொஞ்சம் சேர்த்துக் கேட்கலாம், ஓட்டு வேலை தெரிந்த எவரும் அதை மறுக்கமாட்டார்.

இன்னொரு சிக்கல், பழைய பங்களா ஓட்டுக்கு இன்று வரும் ஓடு அளவு பொருந்தாது. கொக்கி வேறு, பள்ளம் வேறு. நூறு பழைய ஓட்டுக்கு நடுவே இருபது புதிய ஓட்டைச் சொருகினால் ஒழுகும். பழைய ஓடு கிடைக்கவில்லை என்று கடைக்காரரிடம் எழுதி வாங்கி, அந்த ஒரு சரிவை முழுக்க மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். நல்ல ஓடுகளைப் பிரித்து மறு சரிவின் உடைப்புக்குப் பயன்படுத்திக்கொள்வதாகவும் சொல்லுங்கள். இப்படிக் கேட்டால் சர்வேயருக்கும் சம்மதிப்பது எளிது.

பழைய கூரை என்று தேய்மானம் கழிப்பார்களா?

பாரத் கிருஹ ரக்ஷாவில் கட்டடத்துக்குப் பழுதுபார்க்கும் செலவு அல்லது திரும்பக் கட்டும் செலவு என்றுதான் கணக்கு. இன்னொரு நல்ல விஷயம், நீங்கள் காப்பீடு எடுத்த தொகை வீட்டின் உண்மையான கட்டுமானச் செலவைவிடக் குறைவாக இருந்தாலும் அதே விகிதத்தில் க்ளெய்மைக் குறைக்கக் கூடாது. இடிபாடு அள்ளும் செலவுக்கு க்ளெய்ம் தொகையில் 2 சதவீதம், பொறியாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம் வரையும் கேட்கலாம். பழைய வகை பாலிசி 'சந்தை மதிப்பு' அடிப்படையில் இருந்தால் தேய்மானம் கழிப்பார்கள். அதில் தொகை குறைவாக எடுத்திருந்தால் விகிதக் கழிவும் உண்டு.

ஆலங்கட்டி விழுந்ததே இல்லை என்கிறார்கள். சேலத்தில் அன்றைக்கு வெறும் தூறல்தானாம்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நம் பகுதியில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல்தான் நீர் உறைகிற குளிர். அங்கே உருவான கட்டி கீழே இறங்க இறங்கக் கரைந்துகொண்டே வரும். சேலத்தைத் தொட இன்னும் 1,200 மீட்டர் சூடான காற்றைக் கடக்க வேண்டும் என்பதால் மலையில் கட்டியாக விழுவது கீழே தண்ணீராக விழலாம். தவிர, ஆலங்கட்டி குறுகிய பட்டையாகத்தான் பெய்யும். அஸ்தம்பட்டியில் விழுந்து அம்மாபேட்டையில் விழாமல் போகலாம். ஒரு இடத்துப் பதிவை வைத்து இன்னொரு இடத்தை மறுக்க முடியாது.

சாட்சிக்கு அன்றைய, மறுநாள் நாளிதழின் சேலம் பதிப்பை வெட்டி வையுங்கள். அக்கம்பக்கத்தார் எடுத்த வீடியோவை வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்துச் சேத அறிக்கை கேளுங்கள். சென்னையிலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்திடம் அந்தத் தேதிக்கான வானிலை விவரத்தை எழுதிக் கேட்கலாம்.

வீட்டின் ஒரு பக்கத்தில் தறி போட்டிருக்கிறோம். ஏற்காட்டில் சித்தப்பா ஹோம்ஸ்டே நடத்துகிறார். இதெல்லாம் வருமா?

வீட்டு பாலிசி குடியிருக்கும் வீட்டுக்கு. தறி ஓடும் ஷெட்டுக்கும், ஆள் தங்கவைத்து வாடகை வாங்கும் அறைக்கும் தொழில் பாலிசி வேண்டும். 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறு தொழிலுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' இருக்கிறது. தறி இருப்பதை மறைத்து வீட்டு பாலிசியில் கேட்டால், சர்வேயர் வாசலுக்கு வந்ததும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். அப்புறம் வீட்டுப் பகுதிக்கு வர வேண்டியதும் சிக்கலாகும். புதுப்பிக்கும்போது உள்ளதைச் சொல்லி எடுங்கள்.

மலை வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கிறது.

பல பாலிசிகளில் வீடு தொடர்ந்து 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. உங்களுடையதைப் பாருங்கள். தோட்டக்காரரிடம் சொல்லி, ஆலங்கட்டி விழுந்த அன்றே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் புதிய உடைப்பும் பழையதாகத் தெரியும்.

மறுத்துவிட்டார்கள், அல்லது மிகக் குறைவாகத் தருகிறார்கள். அடுத்து?

மறுத்ததற்கான காரணத்தை, பாலிசியின் எந்த விதியின் கீழ் என்று, எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு எழுதுங்கள். கூடவே ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை அவர் எடுப்பார். மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. அதற்கு இரண்டு வருடம் அவகாசம்.

ஆம்புட்ஸ்மன் வழி எளியது என்பது என் கருத்து. கூரை க்ளெய்ம் பெரும்பாலும் சில லட்சத்துக்குள் முடிகிற விஷயம். படமும் எண்ணிக்கையும் கையில் இருந்தால் அங்கேயே தீர்ந்துவிடும்.

பாலிசியே இல்லை. அரசு ஏதாவது தருமா?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் உதவி கிடைக்கும் பேரிடர்களின் பட்டியலில் ஆலங்கட்டி மழை இருக்கிறது. உடனே கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்து, வருவாய்த் துறையினர் வந்து பார்க்கும்வரை பின்தொடருங்கள். நிவாரணம் முழுச் செலவையும் ஈடுகட்டாது. ஆனால் ஓலை, தார்ப்பாய்க் கூரை வீடுகளை இன்சூரன்ஸில் 'கச்சா', அதாவது உறுதியில்லாத கட்டடம் என்று பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள் என்பதால், மலைக் கிராமத்துக் குடிசைகளுக்கு இது ஒன்றுதான் வழி. அக்கம்பக்கத்தில் மனு எழுதத் தெரியாதவர்கள் இருந்தால் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்.

வாசலில் நின்ற கார்? தோட்டத்துப் பயிர்?

கார் வீட்டு பாலிசியில் வராது. காரின் சொந்தச் சேதத்துக்கான பாலிசியில் ஆலங்கட்டி பெயர் சொல்லியே இருக்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் ஒன்றும் கிடையாது. பயிருக்குப் பிரதமர் பயிர்க் காப்பீட்டில் பதிவு செய்திருந்து, அது உங்கள் பகுதிக்கு அறிவிக்கப்பட்ட பயிராகவும் இருந்தால், ஆலங்கட்டி விழுந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லிவிட வேண்டும். கூரையைப் பார்க்கிற அவசரத்தில் இந்தக் கெடு தாண்டிப் போய்விடுகிறது.

இந்த வருஷம் தப்பித்தோம். அடுத்த கோடைக்கு முன்னால் என்ன செய்து வைக்கலாம்?

மாசி மாதத்தில் ஒருநாள் நல்ல வெயிலில் கூரையின் எல்லாச் சரிவையும், உள் கூரையையும் படம் எடுத்துத் தேதியோடு உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். பழைய உடைப்பு எது, புதிது எது என்ற சண்டைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. உடைந்த ஓடுகளை அப்போதே மாற்றி, ரசீதை பாலிசியோடு வையுங்கள். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள். வீட்டின் ஓட்டு அளவிலேயே ஐம்பது ஓடு பழையதாகக் கிடைத்தால் வாங்கித் தாழ்வாரத்தில் அடுக்கி வையுங்கள். பாலிசி முடியும் தேதி ஏப்ரலில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மார்ச்சிலேயே புதுப்பித்துவிடுங்கள்.